ஆய்வும் கீரையும்

கேள்வி: தேர்தல் சமயத்தில் ‘வேட்புமனு பரிசீலனை’ என்கிறார்கள், அதிகாரி வந்தால் ‘ஆய்வு’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? ஆய்வு என்ற சொல் எங்கிருந்து வந்தது?
– வாசகர், பாலக்கோடு

பதில்: பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பரிசீலனை வடமொழி, ஆய்வு நம்முடையது, அதுவும் அடுக்களையில் இன்னும் புழங்குவது. தருமபுரி சந்தையில் வாங்கிவந்த முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டி, பழுத்த இலை, பூச்சி அரித்தது, காம்பு எல்லாம் கழித்துவிட்டு நல்லதை மட்டும் உருவி எடுக்கிறோமே, அதற்கு என்ன பேர்? கீரை ஆய்வது. அதே ஆய்தான்! பறிப்பது, பொறுக்குவது, தேடிப் பார்ப்பது எல்லாமே இந்தச் சொல்லுக்குள் அடக்கம். தொல்காப்பியத்தில் உரிச்சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியல் பகுதி ஒரு படி மேலே போய், ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் நான்குக்கும் ‘உள்ளதன் நுணுக்கம்’ என்று பொருள் சொல்கிறது, அதாவது இருப்பது இன்னும் நுண்ணியதாவது.

பரிசீலனையைக் குறிக்கும் ஆங்கிலத்து ‘ஸ்குரூட்டினி’க்கும் இப்படி ஒரு வீட்டுக் கதை உண்டு. லத்தீனில் ‘ஸ்குரூட்டா’ என்றால் கந்தல், தட்டுமுட்டுக் குப்பை. அதைக் கிளறித் தேடுவதிலிருந்து பிறந்தது என்கிறார்கள்.

சரி, மனுவுக்கு எந்தச் சொல்லும் பொருந்தும். பத்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதையெல்லாம் ‘திடீர் ஆய்வு’ என்று செய்தி போடுவதுதான் கொஞ்சம் ஓவர்.