ஜாம்பியாவுக்கு மசாலாத்தூள்: எந்தச் சான்றிதழ்?

வணக்கம் ஐயா. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து அனுப்பிய மசாலாத்தூளுக்கு, வர்த்தகச் சபையின் மூலச் சான்றிதழ் இருந்தும் ஜாம்பியா சுங்கம் முழுத் தீர்வை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சபைச் சான்றிதழ் சரக்கு எந்த நாட்டுடையது என்று மட்டுமே சொல்லும்; தீர்வைச் சலுகை தராது. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கின் (SADC) சலுகைக்கு, தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையான சார்ஸில் (SARS) ஏற்றுமதியாளராகப் பதிந்து, சாடெக் மூலச் சான்றிதழில் அவர்களிடமே முத்திரை வாங்க வேண்டும்.

அதற்கு முன் மிளகாயும் மல்லியும் எங்கே விளைந்தவை என்று பாருங்கள், சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். இந்தியத் தூளை டர்பனில் கலந்து பொட்டலம் போடுவதால் மட்டும் அது தென்னாப்பிரிக்கச் சரக்காகாது. கொள்முதல் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

சபைச் சான்றிதழையும் விட்டுவிடாதீர்கள். வாங்குபவரின் வங்கி எல்சிக்கு (தாள்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) அதைக் கேட்கலாம். அப்போது பெயர், நிகர எடை, இன்வாய்ஸ் எண் மூன்றும் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கட்டும். ஓரெழுத்து மாறினாலும் வங்கி பணத்தை நிறுத்திவைக்கக்கூடும்.