கொலையாளியை யார் கேட்டார்கள்?

கேள்வி: பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். க்ரைம் வெப் சீரிஸ் ஒன்றைக்கூட விடுவதில்லை. கொலையாளி யார் என்று பாதியிலேயே சொல்லிவிடுவேன். தடயவியல் உளவியல் எனக்கு ஒத்துவருமா?
— மாணவி, விருதுநகர்

பதில்: கொலையாளியைக் கண்டுபிடிப்பது இன்ஸ்பெக்டர் பாடு. தடயவியல் உளவியலாளரின் வேலை, வழக்கில் சிக்கியவரின் மனநிலையை மதிப்பிட்டு அறிக்கை தருவது. உங்களை அதைக் கேட்கவே மாட்டார்கள்.

16 வயது முடிந்து 18 நிறையாத பையன் ஒருவன், குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ என்கிற வழக்கில் சிக்குகிறான். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, அவனைப் பெரியவர்போல விசாரிக்கலாமா என்று பார்க்கும் முதற்கட்ட மதிப்பீட்டுக்கு இளைஞர் நீதிக் குழுமம் உளவியலாளரின் உதவியை நாடலாம். அந்தக் குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா, பின்விளைவு புரிந்திருக்குமா, எந்தச் சூழலில் நடந்ததாகச் சொல்கிறார்கள்? இவ்வளவுதான் கேள்வி. செய்தானா இல்லையா என்பது அதில் கிடையாது. 'பார்த்தாலே தெரிகிறது' என்று ஒரு வரி எழுதினால் மொத்த அறிக்கையும் போச்சு.

பெரியவர்கள் வழக்கில் இன்னொரு சிக்கல். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆவது பிரிவு, செயல் நடந்த நேரத்து மனநிலையைக் கேட்கிறது. ஆள் உங்கள் முன்னால் வந்து உட்காரும்போது மாதங்கள் ஓடியிருக்கும், மாத்திரையில் தெளிந்தும் இருப்பார். பழைய மருத்துவச் சீட்டு, வீட்டார் சொல்வது, சிறைக் குறிப்பு என்று பின்னோக்கித் தோண்ட வேண்டும். வேலையில் பெரும்பங்கு காகிதம்தான்.

பாலிகிராஃப் (பொய் கண்டறியும் சோதனை) அறையாவது பரபரப்பாக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. மார்பிலும் வயிற்றிலும் மூச்சை அளக்கும் பட்டை, விரல்களில் மின்முனை, கையில் ரத்த அழுத்தப் பட்டை. கேள்விகளை முன்கூட்டியே வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி விட்டு, அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஆம், இல்லை தவிர வேறு பதில் வராது. சம்மதம் இல்லாமல் யாரையும் அந்த நாற்காலியில் உட்காரவைக்க முடியாது, முடிவும் தனியாகச் சாட்சியம் ஆகாது. செல்வி வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மருத்துவமனையில் நோயாளி சொன்னதைக் காப்பாற்றுவீர்கள். இங்கே, 'நீங்கள் சொல்வதை அறிக்கையில் எழுதுவேன்' என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேச்சையே தொடங்க வேண்டும். எதிரே ஒருவர் அழும்போது ஆறுதல் சொல்லாமல் பேனாவை எடுக்கத் தயாரா? 'எல்லோருக்கும் உதவத்தான் உளவியல் எடுத்தேன்' என்பவர்கள் ஆலோசனைப் பக்கம் போவது நல்லது. அதில் இழுக்கொன்றும் இல்லை.

அப்புறம் சாட்சிக் கூண்டு. எத்தனை மணி நேரம் பேசினீர்கள், இந்தச் சோதனையைத் தமிழாக்கியது யார், எந்த ஊர் மக்களிடம் தரப்படுத்தினார்கள், இவர் நடிக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று வக்கீல் குடைவார். 'அதைச் சொல்ல முடியாது' என்ற பதிலை முகம் சிவக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, மாவட்ட நீதிமன்றத்தில் டாக்டர் யாரையாவது குறுக்கு விசாரணை செய்யும்போது பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். போக்சோ விசாரணைக்கு மட்டும் உள்ளே விடமாட்டார்கள்.

வீட்டிலேயே செய்ய ஒரு பரீட்சை. தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். பிறகு மூன்று தாளில் எழுதுங்கள்: அவர் சொன்னது, நீங்கள் கண்ணால் பார்த்தது, நீங்களாக ஊகித்தது. 'பதற்றமாக இருந்தார்' முதல் இரண்டு தாளில் எங்காவது இருந்தால் தப்பு. விரலால் மேஜையைத் தட்டினார் என்பதுதான் பார்த்தது. பாதியிலேயே கொலையாளியைச் சொல்லிவிடுகிறவருக்கு மூன்றாவது தாள்தான் முதலில் நிறையும்.

இதற்குப் பிறகும் ஆசை இருந்தால் கணக்கைப் பாருங்கள். இளநிலை 3 ஆண்டு, முதுநிலை 2, மருத்துவ உளவியலுக்கு முன்பு அதற்குமேல் 2 ஆண்டு எம்.ஃபில். இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் சீட்டு குறைவுதான். காந்திநகர் தேசிய தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடயவியல் உளவியலிலேயே எம்.எஸ்சி. இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டம் மட்டும் உங்களை மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். எங்கே சேருவதானாலும் ஃபீஸ் கட்டுமுன், இந்தப் படிப்பை முடித்தால் அந்தப் பதிவு கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'கிடைத்துவிடும், மேடம்' என்று வாயால் சொல்வது கணக்கில் சேராது.