க்ளோசிங் ஏன் தள்ளிப்போகுது? வாசகர் கேள்வியும் என் பதிலும்

அமெரிக்காவுல லோன் போட்டு வீடு வாங்குறவங்க லெட்டரா வந்து குவியுது. க்ளோசிங்னா கடைசிக் கையெழுத்து போட்டு, காசு கட்டி, வீடு உங்க பேருக்கு மாறுற நாள். நீளமா எழுதினத எல்லாம் நறுக்கிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: க்ளோசிங்குக்கு ரெண்டு வாரம் இருக்கு. சேல் போட்ருந்தாங்கன்னு சோஃபா, கட்டில் எல்லாம் ஸ்டோர் ஃபைனான்ஸ்ல எடுத்துட்டோம், ஜீரோ வட்டி. இப்ப ஃபைல மறுபடி அண்டர்ரைட்டருக்கு (லோன் குடுக்கலாமான்னு முடிவு பண்றவர்) அனுப்பணும்ங்கிறாங்க. வட்டியே இல்லாத கடனுக்கு எதுக்கு சார் இவ்வளவு? (டல்லாஸ்)

வட்டிதான் ஜீரோ, மாசத் தவணை ஜீரோ இல்லையே. க்ளோசிங்குக்கு முன்னாடி லெண்டர் உங்க கிரெடிட்ட இன்னொரு தடவ எடுத்துப் பாப்பாங்க. புதுக் கடன் தெரிஞ்சா சம்பளத்துல எவ்வளவு கடனுக்கே போகுதுன்னு மொதல்லேர்ந்து கணக்கு போடணும், ஏற்கனவே ஓரத்துல நிக்கிற ஃபைலா இருந்தா லோனே கைவிட்டுப் போகும். ப்ரீ-அப்ரூவல், அதான் இவ்வளவு லோன் கிடைக்கும்ங்கிற முதல் லெட்டர், குடுத்தப்பவே புதுசா கடன் வாங்காதீங்கன்னு சொல்லியிருப்பாங்க, யாரு கேக்குறா. ஃபைனான்ஸ் பேப்பர இன்னிக்கே லெண்டருக்கு அனுப்புங்க. டெலிவரி ஆகலன்னா கேன்சல் பண்ணிட்டு அக்கவுண்ட் மூடினதுக்கு லெட்டர் வாங்குங்க. மொத்தமா அடைச்சிடுறேன்னு டவுன் பேமெண்ட் காசுல மட்டும் கை வச்சிடாதீங்க. அளவெடுக்காத வீட்டுக்கு சோஃபா வாங்குறதப் பத்தி நான் ரொம்பப் பேச முடியாது, எட்டு பேர் உக்காரலாம்னு நான் சேல்ல எடுத்த டைனிங் டேபிள் வாசல்ல நுழையாம குளிர்காலம் பூரா கராஜ்லதான் நின்னுச்சு.

கேள்வி: புது ஆஃபர் வந்திருக்கு, சம்பளம் அதிகம். க்ளோசிங்குக்கு முன்னாடி மாறினா நல்லதுதானே?

சாவி வாங்கிட்டு மாறுங்க. கடைசி 10 வேலை நாளுக்குள்ள நீங்க இன்னும் அதே ஆபீஸ்லதான் இருக்கீங்களான்னு லெண்டர் கேட்டு உறுதி பண்ணுவாங்க.

கேள்வி: பாஸ்போர்ட்ல ஒரே பேருதான், அதனால விசாவுல எஃப்.என்.யு.ன்னு வந்துருச்சு. லைசன்ஸ்ல ஒரு மாதிரி, சம்பளச் சீட்டுல ஒரு மாதிரி. க்ளோசிங் அன்னிக்கு டைட்டில் கம்பெனி (வீட்டோட உரிமையச் சரிபாத்து க்ளோசிங்க முடிச்சுக் குடுக்குறவங்க) பேப்பர் எல்லாம் திருப்பி அடிக்கணும்னு நாலு நாள் தள்ளிட்டாங்க. இதுல என் தப்பு என்ன? (நியூ ஜெர்சி)

உங்க தப்பு ஒண்ணுமே இல்ல, அப்பா பேர இனிஷியலா போட்டு வளர்ந்த ஊர்க்காரங்க நம்ம. ஆனா இத நான் எத்தன தடவதான் எழுதுறது. இங்க இருக்குற சிஸ்டத்துக்கு முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம் நிரம்பியாகணும், இல்லன்னா அதுவே 'ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்'னு நிரப்பிக்கும், அப்புறம் லைசன்ஸ் ஆபீஸ்ல ஒருத்தர் அப்பா பேர கடைசியில ஒட்டுவார், பேங்க்ல இன்னொருத்தர் அதையே நடுவுல சொருகுவார், வீடு வாங்கப் போறப்போ ஒரே ஆளு நாலு ஆளா நிப்போம். டைட்டில் கம்பெனி வாங்குறவர் பேர்லயும் கோர்ட் தீர்ப்பு, கட்டாத வரி ஏதாவது இருக்கான்னு தேடுவாங்க, குமார்னு பேர் இருந்தா எங்கயோ ஒரு குமார் கட்டாத கடன் உங்க தலையில வந்து உக்காரும், அது நான் இல்லன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். இதையெல்லாம் க்ளோசிங் டேபிள்ல கண்டுபிடிச்சா தள்ளத்தான் செய்வாங்க. லோன் அப்ளை பண்ற அன்னிக்கே உங்க பேரு எங்கெங்க எப்படி இருக்குன்னு எல்லாத்தையும் எழுதி லோன் ஆபீசர்கிட்டயும் டைட்டில் கம்பெனிகிட்டயும் குடுத்துடுங்க. இது எல்லாம் நானேன்னு கையெழுத்து போட நேம் அஃபிடவிட்னு ஒண்ணு இருக்கு, அவங்களே தயார் பண்ணுவாங்க. ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி லைசன்ஸ பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாருங்க. டைட்டில் கமிட்மெண்ட், அதான் டைட்டில் கம்பெனி தேடிப் பாத்துட்டு க்ளோசிங்குக்கு முன்னாடி குடுக்குற பேப்பர், வந்ததும் மறுபடி பாருங்க, பத்திரத்துல தப்பா ஏறிட்டா விக்கிறப்போ திரும்ப இதே கூத்துதான்.

கேள்வி: ஊர்ல அப்பா நிலம் வித்த காசு அனுப்புறார். எப்ப வந்தா வசதி?

ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடியே. லெண்டர்கள்கிட்டேர்ந்து வீட்டு லோன வாங்கிக்கிற ஃபேனி மேயோட ரூல்படி, உங்க மாச வருமானத்துல பாதிக்கு மேல ஒரே டெபாசிட்டா விழுந்து அந்தக் காசு உங்க வீட்டுக்கு வேணும்னா, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்டியாகணும். திருப்பித் தர வேண்டாம்னு அப்பா கையெழுத்து போட்ட கிஃப்ட் லெட்டர், அவர் பேங்க் ஸ்டேட்மெண்ட், பேங்க்லேர்ந்து பேங்க்குக்கு காசு அனுப்பின வயர் ரசீது, மூணும் வேணும். ஸ்டேட்மெண்ட்ல கடைசிப் பக்கம் வெத்தா இருந்தாலும் அனுப்புங்க, ஆறுல அஞ்சு பக்கம்தான் வந்துச்சுன்னு அண்டர்ரைட்டர் திருப்பி அனுப்புவார், போன்ல எடுத்த போட்டோ எல்லாம் வேலைக்காவாது. இந்தியாவுலேர்ந்து வெளிநாட்டுக்குக் காசு அனுப்புற ரிசர்வ் பேங்க் திட்டமான எல்.ஆர்.எஸ்.ல அப்பா ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைதான் அனுப்ப முடியும், மார்ச் கடைசியில பேங்க்குக்கு ஓட விடாதீங்க. வருஷத்துல 1,00,000 டாலருக்கு மேல வந்தா வரி இல்லன்னாலும் இங்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.க்கு நீங்க ஃபார்ம் 3520 குடுக்கணும்.

கேள்வி: டைட்டில் கம்பெனி மெயில் மாதிரியே வந்துச்சு சார், அக்கவுண்ட் நம்பர் மாறிடுச்சுன்னு. நேத்து 48,000 டாலர் அனுப்பிட்டேன். இன்னிக்கு அவங்க அப்படி மெயிலே அனுப்பலங்கிறாங்க. வீட்ல யாரும் பேசிக்கல. (சிகாகோ)

படிக்கிறத நிறுத்திட்டு மொதல்ல பேங்க் ஃப்ராட் பிரிவுக்கு போன் போடுங்க, அனுப்பின காச திருப்பிக் கூப்பிடுற வயர் ரீகால் வேணும்னு கேளுங்க, காசு போய்ச் சேர்ந்த பேங்க்குக்கும் உடனே தகவல் சொல்லச் சொல்லுங்க. அடுத்து எஃப்.பி.ஐ.யோட இணையக் குற்றப் புகார் தளமான ஐ.சி.3ல புகார். ஒரு நாள்தான் ஆகியிருக்கு, மணிக்கணக்கு முக்கியம், முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள சொன்னா காச முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கு. உங்க ஏஜெண்ட விட்டு விக்கிறவர்கிட்ட டேட் தள்ளிக் கேளுங்க. நீங்க ஏமாளி இல்ல. உங்க க்ளோசிங் தேதி, வீட்டு விலாசம், ஏஜெண்ட் பேரு எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு யாரோ மெயில்பாக்ஸ்குள்ள உக்காந்து காத்திருந்து அடிச்சிருக்கான், யாரா இருந்தாலும் விழுந்திருப்பாங்க. வீட்ல இருக்கவங்க இத படிச்சா, தயவுசெஞ்சு அவர்கிட்ட பேசுங்க.

மத்தவங்களுக்கு: மெயில்ல இருக்குற நம்பருக்குக் கூப்பிடாதீங்க, முதல் நாள் ஆபீஸ்ல வாங்கின நம்பருக்குக் கூப்பிட்டு அக்கவுண்ட் நம்பர வாயால சொல்ல வைங்க.

கேள்வி: க்ளோசிங் டிஸ்க்ளோஷர் (லோனோட கடைசிச் செலவுக் கணக்கு) வந்தப்புறம் லெண்டர் ஏ.பி.ஆர் (ஃபீஸும் சேத்த வருஷ வட்டி) மாத்தி இன்னும் மூணு நாள்ங்கிறார், ரேட் லாக் (வட்டிய மாறாம பிடிச்சு வைக்கிற கெடு) நாளைக்கு முடியுது. எக்ஸ்டென்ஷன் ஃபீஸ் நான் கட்டணுமா?

அந்தப் பேப்பர் கைக்கு வந்து மூணு நாள் கழிச்சுத்தான் கையெழுத்துங்கிறது சட்டம்தான், 2015 அக்டோபர்லேர்ந்து. ஆனா எல்லா மாத்தத்துக்கும் புதுசா மூணு நாள் கிடையாது. ஏ.பி.ஆர் சொன்ன அளவுக்கு மேல ஏறினா, ஃபிக்ஸட் லோன்ல அது 0.125 சதவீதம், இல்ல லோன் வகையே மாறினா, இல்ல ப்ரீபேமெண்ட் பெனால்டி (லோன முன்கூட்டியே அடைச்சா அபராதம்) புதுசா நுழைஞ்சா மட்டும்தான். இதுல எதுன்னு எழுத்துல கேளுங்க. சனிக்கிழமையும் கணக்குல வரும், ஞாயிறும் அரசு விடுமுறையும் வராது. மாத்தினது அவங்கன்னா ஃபீஸும் அவங்களேன்னு மேனேஜர்கிட்ட அடிச்சுக் கேளுங்க, வாயத் திறக்காதவங்க தலையிலதான் கட்டுவாங்க.

கேள்வி: மாசக் கடைசி வெள்ளி மதியம் க்ளோசிங். அன்னிக்கே லீஸ் முடியுது, ட்ரக்கும் சொல்லியாச்சு. சரிதானே?

சரியில்ல. மாசக் கடைசியில எல்லா டைட்டில் கம்பெனியும் நிரம்பி வழியும், பேங்க் அன்னிக்கு வயர் அனுப்புற கடைசி நேரம் தாண்டினா திங்கக்கிழமைதான், ரெண்டு நாள் ட்ரக்ல குடித்தனம் பண்ணணும். லீஸ ரெண்டு வாரம் நீட்டுங்க, க்ளோசிங்க நடு வாரத்துக்கு மாத்த முடியுமான்னு இன்னிக்கே கேளுங்க.