தவறினாலும் உயிர் தப்ப வேண்டும்: ராமநாதபுரம் கடற்கரைச் சாலைகள் பற்றி வாசகர் கேள்விகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையும் மதுரை–தனுஷ்கோடி நெடுஞ்சாலையும் நம் கரையோர ஊர்களுக்குப் பெரிய வசதியைக் கொண்டுவந்தன. அதே சாலைகளில் நாம் பறிகொடுத்த பிள்ளைகளும் அதிகம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வேதனையைத்தான் பேசுகின்றன. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வெளிநாட்டில் ஒரு நகரத்தில் ஒரு வருஷம் முழுக்கச் சாலை விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று படித்தேன். நிஜமா? "அங்கே ஜனங்கள் ஒழுங்கு, இங்கே நடக்காது" என்கிறார் என் கணவர். – ஆசிரியை, தேவிபட்டினம்

பதில்: நிஜம்தான். பின்லாந்தின் தலைநகரம் ஹெல்சிங்கி. மக்கள்தொகை ஏழு லட்சத்தை ஒட்டி இருக்கும். 2024 ஜூலை முதல் 2025 ஜூலை வரையிலான 12 மாதங்களில் அங்கே சாலை விபத்தில் ஒரு சாவும் இல்லை. ஆனால் உங்கள் கணவர் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1980களின் கடைசியில் அதே ஊரில் ஆண்டுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்த மக்களின் குணம் மாறிவிடவில்லை, தெருக்கள்தான் மாறின. பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பை 30 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். வண்டி ஓடும் அகலத்தைச் சுருக்கினார்கள். கேமரா வைத்தார்கள். பஸ்ஸும் டிராமும் நேரத்துக்கு வந்ததால் பலருக்கு வண்டி எடுக்கும் தேவையே குறைந்தது.

இந்த எண்ணத்தின் வேர் சுவீடனில் இருக்கிறது. 1997 அக்டோபரில் அந்த நாட்டு நாடாளுமன்றம் 'விஷன் ஸீரோ' என்ற கொள்கையை ஏற்றது. மனிதன் தவறு செய்வான். கண் அசருவான், கணக்குத் தப்புவான், குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்தத் தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் ஓட்டியவரோடு சேர்த்துச் சாலையை அமைத்தவரும் பதில் சொல்ல வேண்டும். கொள்கை இவ்வளவுதான். நார்வேயின் ஆஸ்லோவும் இதே வழியில் போனது. 2019இல் அங்கே சாலையில் இறந்தவர் ஒரே ஒருவர்.

அது ஏன் 30? நம் எலும்பும் மூளையும் தாங்கும் அளவு அது. அந்த வேகத்தில் கார் மோதினால் நடந்துபோகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். 50ஐத் தாண்டத் தாண்ட அந்த வாய்ப்பு வேகமாகக் கரைகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. பின்லாந்துக்காரர் உடம்புக்கும் தேவிபட்டினத்துக்காரர் உடம்புக்கும் இதில் எந்த வித்தியாசமும் கிடையாது.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர், அதாவது நாளுக்கு 49 பேர். "வேகமாப் போனான்", "குடிச்சிருந்தான்", "விதி" என்று ஒவ்வொன்றையும் மூடிவிடுகிறோம். அந்த வளைவில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்ததையும், தெருவிளக்கு எரியாததையும் யார் எழுதி வைக்கிறார்கள்? அதை எழுதத் தொடங்கினால்தான் நம் ஊரிலும் எண்ணிக்கை இறங்கும்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கூடம் நெடுஞ்சாலை ஓரம். பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும்போது உயிரே போய்விடுகிறது. வேகத்தடை கேட்டால் "நேஷனல் ஹைவேயில் போட முடியாது" என்கிறார்கள். நாங்களே போட்டுவிடலாமா? – பெற்றோர்கள், உச்சிப்புளி

பதில்: நீங்களே போட வேண்டாம். உங்கள் பதைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஜல்லியும் தாரும் கொட்டி, வெள்ளைக் கோடுகூட அடிக்காமல் விட்ட மேடுகள் இரவில் பைக்கில் வருகிறவர்களைத் தூக்கி எறிகின்றன. பின்னால் சேலையில் உட்கார்ந்து வரும் பெண்கள்தான் அதில் அதிகம் விழுகிறார்கள். வேகத்தடைக்கு, நாட்டின் சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயம் (ஐ.ஆர்.சி.) சொன்ன அளவு உண்டு: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மேலே வளைவான முதுகு. நம் ஊரில் பார்க்கும் பல மேடுகள் சுவர் மாதிரி நிற்கின்றன.

தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பது மத்திய அமைச்சகத்தின் நிலை. அதற்காக ஒன்றுமே செய்ய முடியாது என்று அதிகாரி சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கு இருபுறமும் முன்கூட்டியே அதிர்வுக் கோடுகள் (வண்டி ஏறும்போது குலுக்கி ஓட்டுநரை எச்சரிக்கும் தடித்த கோடுகள்) போடலாம். நடுவில் திட்டு அமைத்தால் பிள்ளைகள் ஒரு பக்கம் பார்த்துப் பாதி தூரம் கடந்து, நின்று, மறுபக்கம் பார்த்து மீதியைக் கடப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்து வண்டிகளையும் கணக்கிடுவது எட்டு வயதுப் பிள்ளைக்கு முடியாத காரியம். விளக்கு, வரிக்கோடு, வேகக் கேமரா எல்லாம் கேட்கலாம். போலீஸ் பேரிகேட் வைத்தால் அதில் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரவில் அதுவே எமன்.

யாரிடம் போவது? மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஆட்சியர்தான் தலைவர். கிராம சபையில் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுங்கள். "விபத்து நடக்கிறது" என்று பொதுவாக எழுதாமல், தேதி, நேரம், எந்த இடம், எஃப்.ஐ.ஆர். எண் என்று பட்டியலாக இணையுங்கள். சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் ஐந்து, அல்லது சாவுகள் பத்து என்றால் அது கரும்புள்ளி, அதாவது விபத்து அடிக்கடி நடக்கும் இடம் என்று அரசு பட்டியலிடும் இடம். அந்தப் பட்டியலில் ஏறிய இடத்துக்கு வேலை நடக்கும் வாய்ப்பு கூடும். ஐந்தாவது விபத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே கேளுங்கள். சாலையைத் தரம் தவறி அமைத்தாலோ பராமரிக்காமல் விட்டாலோ பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு சொல்கிறது. மனுவில் அதையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி: பரமக்குடி–ராமநாதபுரம் நான்குவழிச் சாலை வந்தால் விபத்து குறையுமா? – வியாபாரி, ராமநாதபுரம்

பதில்: 46.7 கிலோமீட்டருக்கு 1,853 கோடி ரூபாயில் 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. நடுவில் தடுப்பு வந்தால் நேருக்கு நேர் மோதல் கட்டாயம் குறையும். இருவழிச் சாலையில் முந்தப் போய்ச் செத்தவர்கள் எத்தனை பேர்! சுவீடனில் நான்குவழிக்கு இடமில்லாத சாலைகளில்கூட மூன்று தடம் போட்டு, முந்தும் தடத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, நடுவில் கம்பி வடத் தடுப்பு கட்டினார்கள். சாவு பெருமளவு இறங்கியது. சாயல்குடி பக்கத்துக் கடற்கரைச் சாலைக்கும் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆனால் வேகம் ஏறும். ஊரை இரண்டாகப் பிளந்து போகும் இடங்களில் அணுகுசாலையும் சுரங்கப்பாதையும் இல்லாவிட்டால், எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போகிறவரும் ஆடு ஓட்டுகிறவரும் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார்கள். வரைபடத்தை இப்போதே கேட்டுப் பாருங்கள். கட்டிய பிறகு மாற்றுவது கஷ்டம்.

கேள்வி: பாம்பன் பாலத்தில் டூரிஸ்ட் வண்டிகள் நிற்பதைத் தடுக்கவே முடியாதா? – வேன் ஓட்டுநர், பாம்பன்

பதில்: வடக்கிலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து வருகிறவர் கடலுக்கு நடுவே ரயில் பாலத்தைப் பார்த்ததும் இறங்கத்தான் செய்வார். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்தபின் அந்த ஆசை கூடியிருக்கிறது. ஆனால் 1988இல் திறந்த நம் சாலைப் பாலம் இரண்டே தடம், நடுவில் மேடு. மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வேன் நின்றால், அதைச் சுற்றி வரும் வண்டிக்கு எதிரே வருவது தெரியாது. விசில் ஊதி விரட்டுவதோடு நிற்காமல், பாலத்தின் இரு முனைகளிலும் ஒழுங்கான நிறுத்துமிடமும், அங்கிருந்து நடந்து வந்து பார்க்க வேலி போட்ட பாதையும் வேண்டும். தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் போலீஸ் நிறுத்தியே ஆக வேண்டும். அதுவரை உங்கள் பயணிகளிடம் பாலம் ஏறும் முன்பே "நடுவில் நிறுத்த மாட்டேன், அந்தப் பக்கம் போய்க் காட்டுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: விடியக் காலம் மூன்று மணிக்குக் கூடையோடு குட்டி யானை வண்டியில் பின்னால் ஏறித்தான் ராமநாதபுரம் மார்க்கெட்டுக்குப் போகிறோம். ஏறக்கூடாது என்று பிடிக்கிறார்கள். பஸ் இல்லையே, என்ன செய்ய? – மீன் விற்கும் பெண், தங்கச்சிமடம்

பதில்: அக்கா, உங்கள் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சரக்கு வண்டியின் பின்பக்கம் ஆள் ஏறுவது ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிடித்துக்கொள்ள இடமில்லை, பெல்ட் இல்லை. வண்டி கவிழ்ந்தால் பத்துப் பேரும் ரோட்டில்தான் கிடப்பீர்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சரக்குக்குச் சொந்தக்காரர் முன் கேபினில் உட்கார்ந்து போனால் வண்டியின் இன்சூரன்ஸில் இழப்பீடு கோர வழி உண்டு. பின்னால் கூடைகளோடு உட்கார்ந்து வந்தவர் குடும்பம் கோர்ட்டு கோர்ட்டாக அலைய வேண்டி வரும்.

ஆனால் அபராதம் போட்டு உங்களை இறக்கிவிட்டால் மீன் மார்க்கெட்டுக்கு எப்படிப் போகும்? பிழைப்புக்கு வேறு வழி கொடுக்காமல் இருக்கும் வழியை அடைப்பது பாதுகாப்பு ஆகாது. கூடை வைக்க இடமுள்ள அதிகாலை பஸ் ஒன்று மண்டபம் வழியாக விட வேண்டும். உங்கள் சங்கத்தின் பெயரில் எத்தனை பேர், எந்த நிறுத்தம், எந்த நேரம் என்று எழுதிப் போக்குவரத்துக் கழகத்துக்கும் ஆட்சியருக்கும் கொடுங்கள். அது வரும்வரை மீனைச் சரக்கு வண்டியில் ஏற்றிவிட்டு, நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போக முடியுமா பாருங்கள். செலவு கூடும் என்று தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

கேள்வி: மீன் லாரியிலிருந்து வடியும் தண்ணீரில் பைக் சறுக்குகிறது. – மண்டபம்

பதில்: ஐஸ் உருகிய தண்ணீரோடு மீன் கொழுப்பும் சேர்ந்து வடிவதால் தார் வழுக்கும், வளைவில் இன்னும் மோசம். வண்டிக்கு அடியில் வடிநீர்த் தொட்டி பொருத்தி, மீன் ஏற்றி இறக்கும் வாடியிலேயே திறந்துவிட வைக்க வேண்டும். லாரியை ஒட்டிப் பின்னால் போகாதீர்கள்.

கேள்வி: பதினாறு வயது மகன் படகுத்துறைக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோக பைக் எடுக்கிறான். பக்கம்தானே? – தாய், கீழக்கரை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்த வயதில் லைசென்ஸ் கிடைப்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். பைக்கில் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் ஹெல்மெட் போடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டை வாரை மாட்டிப் போட்டால் சாவின் வாய்ப்பு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. வெயிலில் வேர்க்கத்தான் செய்யும். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரரை.

கேள்வி: இரவில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறோம். எந்தப் பக்கம் நடப்பது? – சாயல்குடி

பதில்: வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசையில். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் உங்களைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் 33 மீட்டர் கடந்திருப்பார். நிற்க இன்னும் 35 மீட்டர் வேண்டும். தாழ்த்திய முகப்பு விளக்கு அவ்வளவு தூரம் காட்டாது. அதனால் முன்னும் பின்னும் நடப்பவர்கள் ஒளி திருப்பும் மேலங்கி போட வேண்டும், மற்றவர்கள் பையில் அந்த ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். காவியோ மஞ்சளோ இருட்டில் தெரியாது. நள்ளிரவு முதல் நான்கு மணி வரை நடக்காமல் வழியில் உள்ள ஏதாவது ஒரு சத்திரத்திலோ கோயில் மண்டபத்திலோ படுத்துவிடுங்கள். ஓட்டுநர்கள் கண் அசரும் நேரம் அது.

கேள்வி: அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே? – ஆட்டோ ஓட்டுநர், தொண்டி

பதில்: வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைக் காக்கிறது. பெயரைச் சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்லி நிறுத்தி வைக்கவும் முடியாது. உயிர் காக்க உடனே உதவியவருக்கு மத்திய அரசு தரும் பரிசு 2025இல் 25,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது.

செலவுக்கும் பயப்பட வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அங்கீகரிக்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகளிலும் கூட. தொடக்கத்தில் ஒரு லட்சமாக இருந்த வரம்பு பிறகு இரண்டு லட்சமானது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி, காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் சரி. ராமேஸ்வரம் வரும் வடநாட்டு யாத்ரீகருக்கும் இது பொருந்தும்.

ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்தைத் திருப்பி ஹெல்மெட்டை இழுக்காதீர்கள். மடக்கி ஆட்டோவில் திணித்தால் முதுகுத்தண்டு போய்விடும். வண்டி எரிகிறது, பின்னால் வரும் லாரி ஏறிவிடும் என்ற நிலை இல்லாவிட்டால் 108 வரும்வரை அவரை அசைக்காதீர்கள். போனில் "தொண்டி தாண்டி" என்று சொன்னால் ஆம்புலன்ஸ்காரருக்குப் போதாது. பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்.