எதிரே இருப்பவரைக் காட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

வீட்டிலும் பள்ளியிலும் ஒட்டாத பதினான்கு வயதுப் பையனைப் பற்றிக் குறும்படம் எடுக்கப் போகிறேன். திரைக்கதையை இணைத்திருக்கிறேன். அவன் தனிமையைச் சொல்ல வாய்ஸ் ஓவர் உண்டு. கடைசியில் முகத்தை ஃப்ரீஸ் செய்து முடித்தால் பழசாக இருக்குமா?

செ.

அன்புள்ள செ.,

ஃப்ரீஸ் வையுங்கள், வைக்காமலும் போங்கள். பையன் அழகாக வந்திருக்கிறான். சைக்கிள் கடையில் ஆளில்லாதபோது காற்றுப் பம்பைச் சும்மா அழுத்திக்கொண்டு நிற்கிறானே, அங்கே எதற்கு வாய்ஸ் ஓவர்? தூக்கிப் போடுங்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது கவுன்சலிங் டீச்சர் காட்சியில். கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் மனதில் ஓடுகிறது. அவன் ஒவ்வொரு பதில் சொன்னதும் டீச்சரின் கலங்கிய முகத்துக்கு கட். ஏன்?

பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் ‘தி 400 ப்ளோஸ்’ (1959) படத்தில் சீர்திருத்தப் பள்ளி மனநல நிபுணர், கதைநாயகனான சிறுவன் அந்த்வானிடம் கேள்வி கேட்கிறார். குரல் மட்டும்தான்; ஆளைக் காட்டுவதே இல்லை. பையன் மேசைக்குப் பின்னால், கைகள் மேசைமேல், ஒரு நொடி சும்மா இருக்காமல். உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள், அதனால் பொய் சொல்கிறேன் என்கிறான். பதில்களுக்கு நடுவே டிசால்வ், ஒரு ஷாட் கரைந்து அடுத்ததாகிறது. அந்த்வானாக நடித்த ழான் பியர் லியோவுக்கு வசனம் எழுதித் தரவில்லை, பதில்கள் அவனுடையவை.

டீச்சர் முகத்தைக் காட்டினால் பார்ப்பவன் அவரோடு சேர்ந்து இரக்கப்பட்டுவிட்டுப் பையனை விட்டுவிடுவான். போதாததற்கு, ரியாக்‌ஷன் ஷாட் கையில் இருந்தால் எடிட்டர் திணறலையெல்லாம் வெட்டி அதற்கடியில் ஒளித்துவிடுவார். அந்தத் திணறல்தான் தம்பி படம்!

கேள்விகளை மட்டும் எழுதுங்கள். கேட்பவரை லென்ஸை ஒட்டி, அதே உயரத்தில் உட்காரவையுங்கள். தள்ளி உட்கார்ந்தால் பார்வை பக்கவாட்டில் ஓடும். நீங்கள் அவன் கண்ணில் படவே கூடாது, பட்டால் ஒவ்வொரு பதிலுக்கும் ‘சரியா?’ என்று உங்களைத்தான் பார்ப்பான். டைட் குளோசப் வேண்டாம், கை வெளியே போய்விடும். ‘சேஃப்டிக்கு ஒரு சஜஷன் ஷாட்’ என்பார் கேமராமேன், ஒருவர் தோள் வழியாக மற்றவரைக் காட்டுவது. எடுத்தால் கட்டாயம் போடுவீர்கள், எடுக்காதீர்கள். இருபது நிமிடம் ஓடவிட்டால் மூன்று நிமிடம் தேறும். ஃபேனை நிறுத்திவிட்டு, யாரும் பேசாத அறையை ஒரு நிமிடம் தனியாக ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு ஒட்டிலும் சத்தம் குதிக்கும்.

நண்பன் வந்து கட்டிப்பிடிப்பதும் வேண்டாம். த்ரூஃபோ படத்தில் அந்த்வானின் நண்பன் ரெனே சைக்கிளில் பார்க்க வருகிறான், உள்ளே விடவில்லை. இருவரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

நடிக்கப்போகும் பையன் ஒன்பதாம் வகுப்பு என்று திரைக்கதையின் முதல் பக்கத்தில் குறித்திருக்கிறீர்கள். முழுப் பரீட்சை முடியட்டும், பிறகு எடுங்கள்.