பொக்லைன் ஏற்றிச் செல்வோர் கேட்கும் கேள்விகள்

மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. அதற்குள் ஆறு, வாய்க்கால்களைத் தூர்வாரி முடிக்க வேண்டும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் டெல்டா சாலைகளில் பொக்லைன் ஏற்றிய லோபெட் (தாழ்தள டிரெய்லர்) நடமாட்டம்தான் அதிகம். இந்த இதழில் அதையொட்டி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

20 டன் பொக்லைனை நான்கு செயின் போட்டுக் கட்டித்தான் கிளம்பினோம். பத்து கிலோமீட்டர் போவதற்குள் இரண்டு செயின் தொங்கிவிட்டது. செயின் சரியில்லையா, கட்டியது சரியில்லையா?
– ஒப்பந்ததாரர், நீடாமங்கலம்

முதலில் டிராக்கை, அதாவது பொக்லைன் சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புப் பட்டையைப் பாருங்கள். ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்த வண்டியில், டிராக் ஷூக்களின் (பட்டைத் தகடுகளின்) இடுக்கெல்லாம் களிமண் அப்பியிருக்கும். அதோடு ஏற்றிக் கட்டினால் வண்டி அந்த மண்ணின் மேல்தான் நிற்கும். ஓடுகிற அதிர்வில் மண் நசுங்கிப் பிதுங்கும், வண்டி ஒரு விரற்கடை கீழே உட்காரும், இறுக்கமாக இருந்த செயின் தொங்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. இரும்புத் தளத்துக்கும் இரும்பு டிராக்குக்கும் நடுவே ஈரக் களிமண் சோப்பு மாதிரி. பிரேக் அடித்தால் முன்னாலும் வளைவில் பக்கவாட்டிலும் வழுக்கும்.

ஏற்றும் முன் பக்கெட்டைத் தரையில் ஊன்றி ஒரு பக்க டிராக்கைத் தூக்கி, அந்தரத்தில் சுழலவிடுங்கள். பெரும்பாலான மண் உதிர்ந்துவிடும். அப்போது பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. மிச்சத்தை வண்டியை இறக்கி நிறுத்திய பிறகு மண்வெட்டியால் செதுக்கலாம். தளத்தையும் கழுவிக் காயவிட்டு, டிராக் நிற்கும் இடத்தில் ரப்பர் பட்டையோ மரப்பலகையோ போடுங்கள்.

அடுத்தது செயின். நான்கு என்ற எண்ணிக்கை சரி, ஆனால் தடிமன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்காவில் கடைப்பிடிக்கும் கணக்கு கறாரானது, நமக்கும் பொருந்தும். கட்டுகளின் மொத்தத் திறன் சரக்கு எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. இயந்திரத்திலிருந்து நேரே டிரெய்லருக்குப் போகும் செயினுக்கு அதன் வேலைத் திறனில் பாதியைத்தான் எண்ண வேண்டும். கிரேடு 80 ரகத்தில் 10 மி.மீ. செயினின் திறன் சுமார் 3.15 டன். நான்கு போட்டாலும் கணக்கில் வருவது 6.3 டன்தான், உங்களுக்குத் தேவை 10 டன். அதே ரகத்தில் 13 மி.மீ. என்றால் ஒன்று 5.3 டன், நான்குக்கு 10.6 டன் வரும். ஆகவே 13 மி.மீ. வாங்குங்கள்.

முன் இரண்டு செயினும் முன்னோக்கி, பின் இரண்டும் பின்னோக்கி, விலகிச் சரிந்து போக வேண்டும். நேர்செங்குத்தாகக் கட்டினால் அமுக்கிப் பிடிக்குமே தவிர நகர்வதைத் தடுக்காது. மாட்டுவது அடிச்சட்டத்தில் கட்டுவதற்கென்று கொடுத்திருக்கும் இடத்தில் மட்டும். டிராக் ஷூவிலோ சிலிண்டரிலோ ஹோஸ் மேலோ போடாதீர்கள். பக்கெட்டின் கீழே மரக்கட்டை வைத்து, அதன் மேல் ஐந்தாவதாக ஒரு செயின். சுழல் பூட்டைப் போட மறந்தால் வளைவில் மேல்பாகம் தானே திரும்பும், நான்கு செயினும் அதைத் தடுக்காது. பைண்டர் (செயினை இறுக்கும் கருவி) கைப்பிடியையும் கம்பியால் கட்டிவிடுங்கள். நைலான் கயிறு இழுபடும், அது வைக்கோல் கட்டுக்குப் போதும்.

கிளம்பிய முதல் சில கிலோமீட்டரிலேயே நிறுத்தி எல்லாச் செயினையும் மறுபடி இறுக்குவது கட்டாயம். பிறகு டீக்கு நிற்கும்போதெல்லாம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

ஆற்றங்கரையில் லாரியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தி, கரையிலிருந்து நேரே வண்டியை ஏற்றுகிறோம். ராம்ப் வாடகை மிச்சம். இது சரியா?
– லாரி உரிமையாளர், திருத்துறைப்பூண்டி

கோடையில் காய்ந்து இறுகிய அகலமான மேடு என்றால் செய்யலாம். நேற்று அள்ளிக் கொட்டிய மண்ணில் வேண்டாம். டிராக்கின் முன்முனை தளத்தில் ஏறும் நொடியில் எடையில் பெரும்பங்கு பின்முனையில், அதாவது கரையின் விளிம்பில், இறங்கும். விளிம்பு சரிந்தால் வண்டி பின்னால் வாய்க்காலுக்குள் போகும். அதே நேரம் டிராக் லாரியை முன்னே தள்ளும். ஹேண்ட் பிரேக்கோடு விடாமல் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அடையுங்கள். டிரெய்லராக இருந்தால் ஏற்றும்போது இழுக்கும் வண்டியைக் கழற்றக் கூடாது.

ராம்ப்பின் சாய்வு 15 பாகைக்கு மிஞ்சக் கூடாது. ஒரு மீட்டர் உயர லோபெட்டுக்கு ராம்ப் சுமார் 4 மீட்டர் நீளம் வேண்டும், ஒன்றரை மீட்டர் உயரச் சாதாரண லாரிக்கு 6 மீட்டர். இரண்டு மீட்டர் பலகையைச் சாய்த்து ஏற்றுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். பலகை முறிவதும் வண்டி கவிழ்வதும் அங்கேதான்.

பூம் (பக்கெட்டைத் தாங்கும் நீண்ட கை) மேட்டுப் பக்கம் பார்த்திருக்க, மெதுகதியில், நேராக ஏறுங்கள். ராம்ப்பில் இருக்கும்போது திருப்பக் கூடாது. கோணம் தவறினால் இறங்கி, நேராக்கி, மறுபடி ஏறுவதுதான் வழி. ராம்ப் முடிந்து தளம் தொடங்கும் இடத்தில் வண்டி சட்டென்று முன்னால் சாயும், அங்கே ஊர்ந்து செல்ல வேண்டும்.

எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தில் எடைப் பலகை இல்லை. லோபெட்டைக் கொண்டு போகலாமா? இல்லை, இறக்கிவிட்டு பொக்லைனை மட்டும் ஓட்டிப் போகலாமா?
– வாசகர், வலங்கைமான்

லோபெட்டும் இழுவை வண்டியும் சேர்த்து 15 டன்னுக்கு மேல் இருக்கும். அதில் 20 டன் ஏறினால் பாலம் சுமப்பது 35 டன்னுக்கு மேல். தனியே ஓட்டினால் 20 டன்தான், ஆனால் அத்தனையும் நான்கு மீட்டர் நீளத்துக்குள் இறங்குகிறது. அதனால் ‘தனியே ஓட்டினால் பாலம் தாங்கும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டோம். நீர்வளத் துறை அல்லது நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள், தூர்வாரும் வேலைக்கு வருகிறவர் அவரோடு எப்படியும் பேசித்தான் ஆகவேண்டும். அனுமதி கிடைத்தால் பாலத்தின் நடுவில், 5 கி.மீ. வேகத்தில், வேறு வண்டி இல்லாதபோது, பிரேக் போடாமல் கடக்க வேண்டும். தார்ச்சாலையில் டிராக் ஏறும் இடத்தில் பழைய டயர் பரப்புங்கள்.

பாலத்தைவிட அதன் இருபுறச் சாலைதான் அதிகம் ஏமாற்றும். ஒற்றைத் தடச் சாலையின் தார் அகலம் 3.75 மீட்டர். எதிரே பேருந்து வந்தால் ஒதுங்கத் தோன்றும். மழை பெய்த பிறகு மண் ஓரத்தில் இடது சக்கரம் இறங்கினால் லோபெட் மீண்டு வராது. தாரிலேயே நின்றுவிடுங்கள், எடை குறைந்த வண்டிக்காரர் ஒதுங்கட்டும். இதற்காகவே முன்னால் ஒரு பைக்கில் ஆளை அனுப்புவது நல்லது. நெல் காயப்போட்டிருக்கும் காலத்தில் அவர் வேலை இரட்டிப்பு.

மின்கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கும்? ரயில்வே கேட்டில் இடிக்குமா?
– வாசகர், மயிலாடுதுறை

சாலையின் குறுக்கே செல்லும் வீட்டு மின்சாரக் கம்பிக்கு விதிப்படி 5.8 மீட்டர், 11 கே.வி. கம்பிக்கு 6.1 மீட்டர் இருக்க வேண்டும். வயலுக்கு மேலே 4.6 மீட்டரே போதும் என்கிறது விதி. கம்பி தொய்ந்திருந்தால் இன்னும் குறையும். மின்மயமான பாதையின் கேட்டில் உயரக் கட்டை 4.67 மீட்டரில் நிற்கிறது. 3 மீட்டர் உயர வண்டியை ஒரு மீட்டர் லோபெட்டில் ஏற்றினால் 4 மீட்டர், தப்பிக்கலாம். ஒன்றரை மீட்டர் லாரியில் 4.5 மீட்டர், பூமின் முழங்கை சற்று நிமிர்ந்தாலே இடிக்கும். கட்டிய பிறகு டேப் பிடித்து அளந்து, அந்த எண்ணை ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள்.

மூங்கிலால் கம்பியைத் தூக்கிவிட்டு வண்டியை நுழைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லலாம். கம்பி பட்டுவிட்டால் கேபினில் இருப்பவர் இறங்கக் கூடாது. தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு காலும் சேர்த்துக் குதித்து, காலைத் தூக்காமல் தேய்த்தபடியே விலக வேண்டும்.

2.8 மீட்டர் அகல வண்டிக்கு அபராதம் கேட்கிறார்கள். நியாயமா?
– வாசகர், கும்பகோணம்

அனுமதி இல்லாமல் போயிருந்தால், ஆமாம். அகல வரம்பு 2.6 மீட்டர். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது. எடை மிஞ்சினால் 20,000 ரூபாயோடு, மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அளவு மீறிய சரக்குக்கான அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜேசிபியை 25 கிலோமீட்டர் ஓட்டியே கொண்டுபோகலாமா?
– வாசகர், பாபநாசம்

தாராளமாக. பின்கையின் பூட்டுப் பின்களைப் போட்டு, ஊன்றுகால்களை முழுதும் தூக்கி, இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்கும் பட்டையைப் பூட்டுங்கள். அது பிரிந்திருந்தால் ஒருபக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி இழுக்கும். முன்பக்கெட்டில் ஆளை உட்கார வைக்காதீர்கள்.