விறாந்தையில் இல்லாதவர்கள்

அன்புள்ள அண்ணா,

என் அம்மா அப்பா வன்னியில் உள்ள மல்லாவியைச் சேர்ந்தவர்கள். நான் ரொறன்ரோவில் கைரோபிராக்டிக் படிக்கிறேன். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சிகிச்சை செய்யும் முறை அது. போன விடுமுறையில் அம்மம்மாவோடு ஊரில் ஒரு முறிவு நெரிவு வைத்தியரிடம் போனேன். இடுப்பு நோவுக்கு வந்திருந்த எல்லோரும் "இப்ப சுகம்" என்றார்கள். இதையே என் ஆய்வாக எடுக்கலாமா? எத்தனை பேரைக் கேட்டால் போதும்? புள்ளிவிபரம் என்றாலே எனக்குப் பயம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

எடுக்கலாம். எத்தனை பேர் என்பதைப் பிறகு பார்ப்போம். நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? வைத்தியர் வீட்டு விறாந்தையில் இருந்தவர்களை. சுகப்படாதவர் அங்கே ஏன் இரண்டாம் தரம் வரப்போகிறார்? அவர் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், இன்னொரு வைத்தியரைத் தேடியிருக்கலாம், பஸ் ஏறி வர முடியாமல் வீட்டிலேயே படுத்திருக்கலாம். நன்றாகச் சுகப்பட்டவரும் வரமாட்டார், வயலுக்குப் போயிருப்பார். ஆகவே குறித்த ஒரு காலத்தில் புதிதாக வந்த ஒவ்வொருவரையும், அவர்களின் சம்மதத்தோடு, முதல் நாளே பதிந்துகொள்ளுங்கள். பிறகு அவரவர் வீடு தேடிப் போய்க் கேளுங்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் என்று உள்ளூருக்குள் அலைய வேண்டிவரும். ஆனால் ஆய்வின் பெறுமதி அந்த அலைச்சலில்தான் இருக்கிறது. காலபோக அறுவடை நடக்கும் தை, மாசியில் ஆட்களை வீட்டில் பிடிப்பது கஷ்டம் என்பதையும் யோசித்துத் திட்டமிடுங்கள்.

அப்புறம், கேட்ட விதம். வைத்தியர் பக்கத்தில் நிற்க, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை கேட்டால், "ஓம் பிள்ளை, நல்ல சுகம்" என்றுதான் எங்கள் சனம் சொல்லும். மரியாதைக்காகச் சொல்வது அது. 2009க்குப் பிறகு வன்னியில் எத்தனையோ பேர் படிவங்களோடு வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்பவருக்கு எது வேண்டும் என்று பார்த்துப் பதில் சொல்லவும் மக்கள் பழகியிருக்கிறார்கள். அதனால் வைத்தியர் இல்லாத இடத்தில் கேளுங்கள். நோவுக்கு 0 முதல் 10 வரை ஒரு இலக்கம் சொல்லச் சொல்வதோடு நிற்காமல், செய்யும் வேலையைப் பற்றிக் கேளுங்கள். இடுப்பு நோவு அன்றாட வேலைகளை எவ்வளவு தடுக்கிறது என்று அறிய உதவும் ரோலண்ட்-மொரிஸ் வினாக்கொத்தின் 24 கூற்றுகளும் அப்படிப்பட்டவைதான். ஆனால் கிணற்றில் தண்ணி அள்ளுபவரிடமும், கச்சான் பிடுங்கக் குனிபவரிடமும் அவை எடுபடுமா என்று முதலில் சிலரிடம் சோதித்துப் பாருங்கள்.

சரி, சுகம் வந்தது உண்மை என்றே வைப்போம். எதனால் வந்தது? திடீரென்று வரும் இடுப்பு நோவு பெரும்பாலும் முதல் 6 வாரங்களில் தானாகவே நன்றாகக் குறையும். நோவு உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் வைத்தியரைத் தேடுகிறார். உச்சத்துக்குப் பிறகு, என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், இறக்கம்தான் அதிகம் நடக்கும். வயல் வேலை முடிந்து முதுகுக்கு ஓய்வு கிடைப்பதும் இதோடு சேரும். இவற்றை வைத்தியத்திலிருந்து பிரித்தெடுக்க, அந்த வைத்தியம் பெறாத இன்னொரு குழு வேண்டும்; யார் எந்தக் குழு என்பதை எழுமாற்றாக, சீட்டுக் குலுக்குவதுபோல, பிரிக்க வேண்டும். உங்கள் துறையும் ஒற்றைக் கதையிலிருந்துதான் தொடங்கியது. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில், காது கேளாத, கட்டடத்தைத் துப்புரவு செய்யும் ஒரு பணியாளரின் முதுகை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்டதாக டி.டி. பாமர் சொன்னார். ஒப்பிட அங்கே யாரும் இருக்கவில்லை.

இலக்கங்களைப் பற்றிய பயத்துக்கு ஒரு உதாரணம் போதும். நாட்பட்ட இடுப்பு நோவுக்கு முதுகெலும்பு அழுத்தச் சிகிச்சை பற்றி 2011இல், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் கொக்ரேன் மீளாய்வு ஒன்று வந்தது. 26 ஆய்வுகள், 6070 பேர். ஒரு மாதத்தில், மற்றச் சிகிச்சைகளைவிட, 0 முதல் 100 வரையான நோவு அளவில் ஏறக்குறைய 4 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. 95% நம்பிக்கை ஆயிடை, அதாவது உண்மையான வித்தியாசம் அநேகமாக இருக்கக்கூடிய எல்லை, 1.4இலிருந்து 7 வரை. அது பூச்சியத்தைத் தொடவில்லை, ஆகவே தற்செயல் என்று தள்ள முடியாது. ஆனால் 100க்கு 4 குறைந்ததை நோயாளி உணர்வாரா? மருத்துவ ரீதியில் அது முக்கியமான அளவு அல்ல என்றுதான் அந்த ஆய்வாளர்களும் எழுதினார்கள். பயத்தை விட்டு, தற்செயலா, நோயாளி உணர்வாரா என்ற இந்த இரண்டு கேள்வியையும் பிரித்துக் கேட்கப் பழகினால், உங்களுக்கு வேண்டிய புள்ளிவிபரத்தில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

இனி, எத்தனை பேர். நூற்றுக்கு எத்தனை வீதம் சுகப்பட்டார்கள் என்று அறிய 100 பேரளவு போதும். 10 வீதம் கூடக்குறைய இருக்கும். விறாந்தையில் மட்டும் கேட்டால் 1000 பேரும் காணாது. இரண்டு குழுக்களை ஒப்பிடுவதாக இருந்தால், நியம விலகலை (ஆளுக்காள் நோவின் இலக்கம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதன் அளவு) நீங்கள் எதிர்பார்க்கும் வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கித்து, 16ஆல் பெருக்குங்கள். விலகல் 2, வித்தியாசம் 1 என்றால் ஒரு குழுவுக்கு 64 பேர். இந்த ஒப்பீட்டை இப்போது தொடங்காதீர்கள். முதலில் பின்தொடர்ந்து கேட்கும் ஆய்வைச் செய்யுங்கள்.

வன்னியில் இன்னும் பலருடைய உடம்பில் போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டுகள் இருக்கின்றன. முதுகெலும்புக்குப் பக்கத்தில் இருந்தால் அழுத்துவதே ஆபத்து. வெளிநாட்டு ஆய்வுகளில் இப்படிப்பட்டவர்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள். அந்தக் கேள்வி உங்கள் படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அதைத் தனியே வைத்து, மெதுவாகக் கேளுங்கள். சொல்ல விரும்பாதவரை விட்டுவிடுங்கள். உங்கள் கல்லூரியின் ஒழுக்கநெறிக் குழுவிடமும், இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் குழுவிடமும் அனுமதி எடுத்த பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள். வினாக்கொத்தை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.